ஆள் வேண்டும், ஆனால் தங்கிவிடக் கூடாது: சுவிட்சர்லாந்தின் நூறு வருடக் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சுவிட்சர்லாந்தில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர்; வைத்தியசாலை, ஹோட்டல், கட்டட வேலை எதுவும் அவர்கள் இல்லாமல் ஓடாது; அப்படியிருக்க, சில வருடங்களுக்கு ஒருமுறை குடியேறிகளைக் குறைக்கச் சொல்லி வாக்கெடுப்பு வைப்பது எந்த ஊர் நியாயம்? கடைசி வரியில், அங்கே இருக்கும் நம் ஆட்கள், அதாவது ஈழத் தமிழர்கள், நன்றாகத்தான் இருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் 'இரட்டை வேடம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், புள்ளிவிவரத்தை விட அந்த நாட்டின் மனதில் என்ன ஓடுகிறது என்பதே உங்களுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பேர்ண் பக்கத்தில் பல வருடங்களாகத் தமிழ்–ஜெர்மன் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியசாலை, பாடசாலைப் பெற்றோர் சந்திப்பு, சமூக உதவி அலுவலகம், வதிவிட அனுமதி விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை எப்படி வாசிக்கிறார், இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எப்படி விளங்குகிறது என்பது பழக்கத்தில் தெரியும். சம்பளம், வாடகை, குற்றம் பற்றிய ஆய்வுகளில் நான் வாசகர் மட்டுமே; அந்த இடங்களில் என் சொல்லை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஜெர்மன் பேசும் பகுதிதான் எனக்கு நெருக்கம், பிரெஞ்சு பேசும் ஜெனீவாவும் இத்தாலியன் பேசும் டிசினோவும் வேறு உலகம் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். வேடம் என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்க வேண்டும். சுவிஸ் அரசு ஒளிக்கவே இல்லை. ஆள் வரட்டும், வேலை செய்யட்டும், வேலை முடிந்ததும் போகட்டும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்து, எழுபது வருடங்களுக்கு மேல் அதன்படி நடந்தது. இன்று நீங்கள் பார்க்கிற சிக்கல்களில் பாதி, அந்த ஏற்பாடு பலிக்காமல் போனதன் மிச்சம்.

ஒரு காலத்தில் ஆள் அனுப்பிய நாடுதான் அது. வேறு மன்னர்களின் படைகளில் கூலிக்குச் சண்டை பிடித்தவர்கள் சுவிஸ்காரர்கள். 1819இல் பிரேசிலில் நோவா ஃபிரிபுர்கோ, 1845இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நியூ கிளாரஸ் என்று ஊர்களே அமைத்தார்கள். சில கிராமங்கள் தங்கள் ஏழைகளுக்குக் கப்பல் கூலி கொடுத்து ஒரேயடியாக அனுப்பிவைத்தன. இரயில்பாதை வந்த பிறகு காற்று மாறியது. 1872 முதல் 1882 வரை கோட்ஹார்ட் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் சுரங்கம் போட்டவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். 1875இல் கோஷனன் என்ற இடத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் இறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், போகிறவர்களை விட வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 1910 கணக்கெடுப்பில் வெளிநாட்டவர் ஏறக்குறைய 15 வீதம். ஆச்சரியம் என்னவென்றால், அப்போது எல்லை கிட்டத்தட்டத் திறந்துதான் கிடந்தது. வந்து குடியிருக்கப் பெரிய அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

முதலாம் உலகப் போர் அதை மாற்றியது. 1917இல் வெளிநாட்டவருக்கென்று தனிப் பொலிஸ் பிரிவு வந்தது. 1931இல் ஒரு சட்டம் எழுதி 1934இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அனுமதி கொடுக்கும்போது நாட்டின் ஆன்மிக, பொருளாதார நலனையும், நாடு எந்த அளவுக்கு வெளிநாட்டவர் மயமாகியிருக்கிறது என்பதையும் அதிகாரிகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. இந்தச் சட்டம், பல திருத்தங்களோடு, 2007 முடியும்வரை நடைமுறையில் இருந்தது. நம் ஆட்களில் முதலில் வந்த ஒரு தலைமுறையே அதன் கீழ்தான் வாழ்ந்தது. போர்க்காலத்தைப் பற்றி ஒன்று மட்டும்: 1938இல் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில், யூதர் என்று காட்டும் 'ஜே' முத்திரை குத்தப்பட்டதில் சுவிஸ் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. அதே வருடம் செங்காளன் மாநிலப் பொலிஸ் தலைவர் பவுல் குரூனிங்கர், அவர்கள் நாட்டுக்குள் வந்த தேதிகளை மாற்றி எழுதி நூற்றுக்கணக்கான அகதிகளை உள்ளே விட்டார். 1939இல் அவருடைய வேலை போனது, 1972இல் இறந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னது 1995இல்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். போர் முடிந்தபோது சுவிஸ் தொழிற்சாலைகள் அப்படியே நின்றன, ஆள் இல்லை. 1948இல் இத்தாலியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் வந்தவர்களில் பெரும்பகுதிக்குக் கிடைத்தது 'ஏ' பெர்மிட், அதாவது பருவகாலத் தொழிலாளி அனுமதி. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, மூன்று மாதம் கட்டாயம் ஊருக்குப் போக வேண்டும். இடையில் முதலாளியை மாற்ற முடியாது, வேறு மாநிலத்துக்கு மாற முடியாது, சொந்தமாக வீடு எடுக்க முடியாது, மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. தங்குவதற்குக் கட்டட நிறுவனத்தின் பலகைக் கொட்டில். கியாசோ, பிரிக் போன்ற எல்லை இரயில் நிலையங்களில் இறங்கியதும் ஆண்களை வரிசையில் நிறுத்தி, மேலாடையைக் கழற்றச் சொல்லி, காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். வருடா வருடம், அதே ஆளுக்கு, அதே பரிசோதனை. அந்த வரிசையில் நின்ற இத்தாலியர் ஒருவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த தமிழ் நோயாளிக்காக நான் மொழிபெயர்க்கப் போன நாளில், அந்த இத்தாலியரே என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். எண்பது வயது தாண்டியவர். சேர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற குளிரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒளித்துக் கூட்டிவந்தார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும்போது பிள்ளை வீட்டுக்குள். சத்தம் போடக் கூடாது, ஜன்னல் பக்கம் போகக் கூடாது, கதவு தட்டினால் திறக்கக் கூடாது. அலுமாரிப் பிள்ளைகள் என்றே அவர்களை இன்று சொல்கிறார்கள். இப்படி நடந்தது நிச்சயம். எத்தனை பேர் என்பதுதான் சந்தேகத்துக்குரியது: பத்துப் பதினைந்தாயிரம் என்றும், அதைவிடப் பல மடங்கு என்றும் மதிப்பீடுகள் இருக்கின்றன. ஒளிந்திருந்த பிள்ளைக்குப் பதிவு ஏது? அவர்களில் பலர் இன்று அறுபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள்; சங்கம் வைத்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோருகிறார்கள்.

1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி, வலே மாநிலத்தின் மட்மார்க் அணைக்கட்டு வேலைத்தளத்தின் மேல் அலாலின் பனிப்பாறையின் நுனி உடைந்து விழுந்தது. தொழிலாளர் கொட்டில்களும் சாப்பாட்டுக் கூடமும் சரியாக அதன் கீழேதான் கட்டப்பட்டிருந்தன. 88 பேர் இறந்தார்கள், அதில் 56 பேர் இத்தாலியர்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானார்கள். மேன்முறையீட்டில் தோற்ற குடும்பங்களிடமே வழக்குச் செலவில் பாதியைக் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இத்தாலியில் பெரிய கொந்தளிப்பு. இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றி யார் எழுதினாலும் எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும்.

அதற்கு முந்தைய வருடம், 1964இல், இத்தாலி அரசு நெருக்கியதால் ஒப்பந்தம் திருத்தப்பட்டிருந்தது. தொடர்ந்து ஐந்து பருவம் வேலை செய்தவர் வருடாந்த அனுமதி கேட்கலாம், குடும்பத்தை அழைக்கும் காத்திருப்பும் குறையும். சின்னத் தளர்வுதான். ஆனால் வந்தவன் திரும்பிப் போவான் என்ற கணக்கு அங்கேயே உடையத் தொடங்கியது. உடனே எதிர்ப்பும் வந்தது. சூரிச்சைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷ்வார்சன்பாக் என்ற பாராளுமன்ற உறுப்பினர், எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 என்று ஒரு மக்கள் முன்மொழிவைக் கொண்டுவந்தார். நிறைவேறியிருந்தால் மூன்று இலட்சம் பேரளவில் வெளியேற வேண்டியிருந்திருக்கும். 1970 ஜூன் 7ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 54 வீதம் வேண்டாம், 46 வீதம் வேண்டும். வாக்களித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். சுவிஸ் பெண்களுக்குச் சமஷ்டி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது அடுத்த வருடம்தான்.

நீங்கள் கேட்ட "சில வருடங்களுக்கு ஒருமுறை" என்ற பழக்கத்தின் வேர் இங்கேதான். வேறு நாடுகளில் இப்படியான கோபம் தேர்தலில் ஒரு கட்சிக்குப் போகும். அங்கே ஒரு இலட்சம் கையெழுத்துச் சேர்த்தால் அரசியலமைப்பையே மாற்றக் கேட்கலாம். ஷ்வார்சன்பாக் தோற்றார், ஆனால் பயந்துபோன அரசு, வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற ஒதுக்கீட்டு முறையை வாக்கெடுப்புக்கு முன்பே கொண்டுவந்திருந்தது. அதன் பிறகு வந்த முன்மொழிவுகளில் பல தோற்றே அரசின் கையைத் திருப்பியவை.

1973 எண்ணெய் நெருக்கடியில் அந்தப் பழைய ஏற்பாடு ஒருமுறை 'நன்றாக' வேலை செய்தது. வேலை போனது, அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, இரண்டு இலட்சம் பேரளவில் நாட்டை விட்டுப் போனார்கள். சுவிஸில் வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை என்று உலகம் மெச்சியது. அது இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போய் உட்கார்ந்திருந்தது. வேலையிழப்புக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயமானது 1977இல்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் தொழிலாளர் கதை. அகதிகள் கதை இன்னொரு தடத்தில் போனது. 1956இல் ஹங்கேரியர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் வந்தபோது இரு கை நீட்டி வரவேற்றார்கள். 1968இல் செக்கோஸ்லோவாக்கியர்களுக்கும் அப்படியே. கம்யூனிசத்திலிருந்து ஓடி வந்தவர்கள், படித்தவர்கள், வெள்ளையர்கள். 1973க்குப் பிறகு சிலியின் இடதுசாரிகள் வந்தபோது அந்தக் கைகள் நீளவில்லை. எண்பதுகளில் நாங்கள் வந்தோம். 1983க்குப் பிறகு 'அசூல் அடித்த', அதாவது தஞ்சம் கோரிய, தமிழ் இளைஞர்களைப் பத்திரிகைகள் எழுதியதை இப்போது வாசித்தால் கை கூசும்: தோல் சட்டை போட்டுக்கொண்டு இரயில் நிலையத்தில் நிற்கிறவர்கள், போதைப்பொருள் விற்கிறவர்கள், பொய் அகதிகள். பத்துப் பதினைந்து வருடத்தில் அதே பத்திரிகைகள் நம்மை அமைதியானவர்கள், உழைப்பாளிகள், முன்மாதிரிக் குடியேறிகள் என்று எழுதின. நாங்கள் அப்படி ஒன்றும் மாறவில்லை. திட்டுவதற்குப் புதிய ஆட்கள் வந்திருந்தார்கள், அப்போது யூகோஸ்லாவியப் போரிலிருந்து வந்த கொசோவோ அல்பானியர்கள். இன்றும் அவர்களில் பலர் கார்க் காப்புறுதிக்கு, எந்த நாட்டுக் குடியுரிமை என்பதைப் பார்த்து, கூடக் கட்டுகிறார்கள். அதே சமூகத்துப் பையன்கள் சாக்காவும் ஷகிரியும் சுவிஸ் கால்பந்து அணிக்குக் கோல் அடித்தபோது மட்டும் முழு நாடும் தன் பிள்ளை என்றது.

நம்மவர் சமையலறைகளுக்குள் போனதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தஞ்சம் கோரியவர் முதல் சில மாதம் வேலை செய்யக் கூடாது. பிறகு மாநிலம் அனுமதித்த துறைகளில் மட்டும் செய்யலாம், அவை பெரும்பாலும் உணவகம், துப்புரவு, விவசாயம். தொண்ணூறுகளின் சம்பளச் சீட்டைப் பழைய கோப்புகளில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்: வரி, காப்புறுதிக்குக் கீழே தனியாக ஒரு தொகை கழித்திருக்கும். தஞ்சம் கோரியவருக்கு அரசு செய்த செலவுக்கு ஈடாகப் பிடித்த காசு அது. ஏதோ ஒரு வடிவத்தில் அது 2017 முடியும்வரை இருந்தது. அனுமதி எப்போதும் தற்காலிகம்: தஞ்சக் கோரிக்கைக்கு 'என்', மறுக்கப்பட்டும் திருப்பி அனுப்ப முடியாதவருக்கு 'எஃப்'. 1992 முடிவதற்குள் வந்து முடிவில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டில் ஒரு மனிதாபிமான நடவடிக்கை மூலம் தங்க வழி கிடைத்தது, பயனடைந்தவர்களில் பெரும்பகுதி இலங்கையர். ஏழு வருடத்துக்கு மேல் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் பாத்திரம் கழுவியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மூச்சு என்பதை அதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2002 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுதந்திர நடமாட்ட ஒப்பந்தம், அதாவது ஒரு பக்கத்தவர் மறுபக்கம் போய் வேலை செய்து குடியிருக்கலாம் என்ற ஒப்பந்தம், நடைமுறைக்கு வந்தது. பருவகால அனுமதியும் அதோடு செத்தது. அதன் பிறகுதான் இன்றைய காட்சி. வெளிநாட்டவர் பட்டியலில் முதலில் வரும் நான்கு நாடுகள் இத்தாலி, ஜெர்மனி, போர்த்துக்கல், பிரான்ஸ். அகதிகள்தான் நாட்டை நிரப்புகிறார்கள் என்று கூட்டங்களில் பேசுவார்கள். எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தோடு வரும் ஐரோப்பியர். 2014 பெப்ரவரி 9ஆம் திகதி, எஸ்.வி.பி. எனப்படும் சுவிஸ் மக்கள் கட்சியின் 'பெருங்குடியேற்றத்துக்கு எதிரான' முன்மொழிவு 50.3 வீதத்தில் வென்றது. சூரிச், பாசல், ஜெனீவா போன்ற, வெளிநாட்டவர் நிறைந்த இடங்கள் வேண்டாம் என்றன; வெளிநாட்டவரை அபூர்வமாகப் பார்க்கும் மலைக் கிராமங்கள் வேண்டும் என்றன. இந்தச் சூத்திரத்தை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் டிசினோ அதை உடைக்கிறது: தினமும் எல்லை தாண்டி வரும் இத்தாலியத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த மாநிலம் 68 வீதம் 'ஆம்' என்றது. ஆக, பக்கத்தில் ஆள் இருந்தால் பயம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒன்றாகக் குடியிருப்பதும், அதே வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் போட்டி போடுவதும் ஒன்றில்லை. பாராளுமன்றம் கடைசியில் அந்த முன்மொழிவை நீர்த்துப்போகச் செய்து நடைமுறைப்படுத்தியது. 2020 செப்டெம்பரில் நடமாட்ட ஒப்பந்தத்தையே முறிக்கச் சொன்ன முன்மொழிவை மக்கள் ஏறக்குறைய 62 வீதத்தில் தள்ளினார்கள்.

இப்போது நீங்கள் சொன்ன 'நாலில் ஒருவருக்கு மேல்' என்பதற்கு, அதாவது 27 வீதத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுக்க அதில்தான் நிற்கிறது. அது உண்மையான எண். ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் அது காட்டவில்லை, குடியுரிமை கிடைக்காதவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுகிறது. சுவிஸில் இருக்கும் வெளிநாட்டவரில் ஐந்தில் ஒருவரளவில் அங்கேயே பிறந்தவர். அந்த மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்ற விதி அங்கே இல்லை. பத்து வருடம் இருந்திருக்க வேண்டும், 'சி' பெர்மிட் எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி வேண்டும், மொழிச் சான்றிதழ் வேண்டும். பிறகு ஊராட்சி, மாநிலம், சமஷ்டி என்று மூன்று படி. ஊராட்சியிலும் மாநிலத்திலும் குறைந்தபட்ச வருடக் கணக்கு வேறு. நடுவில் வேறு ஊருக்கு வீடு மாறினால் பல இடங்களில் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. லுட்சேர்ண் பக்கத்து எம்மன் நகரில் 2000ஆம் ஆண்டு, விண்ணப்பித்தவர்களின் விவரங்களை அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பி இரகசிய வாக்கெடுப்பே வைத்தார்கள். இத்தாலியக் குடும்பங்கள் தேறின, யூகோஸ்லாவியப் பெயர்கள் விழுந்தன. 2003இல் சமஷ்டி நீதிமன்றம் இந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஆர்த் என்ற ஊரில் முப்பது வருடம் வாழ்ந்து தொழில் நடத்திய ஒரு இத்தாலியரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. கோல்டவ் மிருகப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்பில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. 2020 தொடக்கத்தில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லா ஊரும் இப்படி இல்லை. நான் பார்த்த நேர்காணல்களில் பெரும்பாலானவை மரியாதையாகவே நடந்தன. மரியாதையும் அவமானமும் எந்த ஊரில் வீடு கிடைத்தது என்பதைப் பொறுத்து அமைகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். மறுபக்கம், நொய்சாட்டல் மாநிலம் 1849இலேயே வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுத்தது. ஒரே நாடு, இரண்டும் உண்மை.

சந்தேகத்துக்குரிய விஷயங்களையும் தொட்டுவிடுகிறேன். சிறையில் இருப்பவர்களில் 70 வீதமளவில் வெளிநாட்டவர் என்பது சரியான தகவல். அதை வைத்து வெளிநாட்டவர் குற்றவாளிகள் என்று சொல்பவர்கள், அவர்களில் பலர் அந்த நாட்டில் குடியிருப்பவர்களே இல்லை, வழியில் பிடிபட்டவர்கள் என்பதையும், தப்பி ஓடக்கூடும் என்று வெளிநாட்டவரை விசாரணைக் காலத்தில் அதிகம் அடைத்து வைக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடுகிறார்கள். இளம் ஆண்கள் எந்த நாட்டிலும் அதிகம் மாட்டுவார்கள், குடியேறிகளில் அவர்கள் அதிகம். இதையெல்லாம் கழித்தாலும் சில குழுக்களில் விகிதம் கூடத்தான் இருக்கிறது; அதைப் பூசி மெழுகுவதிலும் பயன் இல்லை. சம்பளம் பற்றி: ஐரோப்பியர் வந்ததால் உள்ளூர்ச் சம்பளம் பொதுவாக விழுந்தது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன, எல்லைப்புறங்களில் வேறு கதையாக இருக்கலாம். வாடகை ஏறியதில் குடியேற்றத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு வீடு என்று தனியே வாழும் பழக்கம், கட்ட அனுமதி கிடைக்க ஆகும் காலம் எல்லாம் சேர்ந்துதான் சூரிச் நகரில் காலியாக இருக்கும் வீடுகள் 0.1 வீதத்துக்கும் கீழே போயின. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இன்றைய சிக்கல்களில் நான் கிட்ட இருந்து பார்ப்பது, உதவி கேட்கப் பயப்படும் மனிதர்களை. புதுப்பிக்க வேண்டிய வதிவிட அனுமதியான 'பி' பெர்மிட்காரர் நீண்ட காலம் சமூக உதவி எடுத்தால் அனுமதியைப் புதுப்பிக்காமல் விடலாம். 2019 முதல், 'சி' வைத்திருப்பவரையும் 'பி'க்கு இறக்கலாம். பேர்ண் மாநிலத்தில் குடியுரிமை கேட்பவர் கடந்த பத்து வருடத்தில் எடுத்த உதவிப் பணத்தைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். கணவன் விட்டுப்போன ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு என் முன்னால் உட்கார்ந்து, "சோசலுக்குப் போனால் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போய்விடுமா அக்கா?" என்று கேட்பார். அலுவலர் ஜெர்மனில் பொறுமையாக விளக்குவார். நான் மொழிபெயர்ப்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய், இரண்டாவது துப்புரவு வேலை எடுத்துக்கொள்வார். 2020 வசந்தத்தில் ஜெனீவாவின் வெர்னே பனிச்சறுக்கு அரங்குக்கு வெளியே, இருபது பிராங்கு பெறுமதியான ஒரு பை சாப்பாட்டுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற படம் உலகமெல்லாம் போனது. பலர் அனுமதி இல்லாமல் வீட்டு வேலை செய்தவர்கள். ஆனால் சட்டப்படியான அனுமதி இருந்தும் அலுவலகத்துக்குப் போகப் பயந்தவர்களும் அதில் நின்றார்கள்.

அகதிகள் தரப்பில் புதிய வெடிப்பு ஒன்று. 2022 மார்ச்சில் உக்ரேனியருக்காக 'எஸ்' என்ற பாதுகாப்பு அந்தஸ்தை முதல்முறையாக எடுத்தார்கள். தனித்தனி விசாரணை இல்லை, உடனே வேலை செய்யலாம், குடும்பத்தை அழைக்கலாம், பயணம் போகலாம் என்று அப்போது வைத்தார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான் போரிலிருந்து வந்து 'எஃப்' வைத்திருப்பவருக்கு இவற்றில் பல கிடையாது. உக்ரேனியருக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கும் இப்படிச் செய்திருக்கலாம், நாடு ஒன்றும் இடிந்து விழுந்திருக்காது என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் பத்து மில்லியன் என்ற வரம்பு. 2024இல் சனத்தொகை 9 மில்லியனைத் தொட்டது. 2050க்கு முன் 10 மில்லியனைத் தாண்டக் கூடாது, 9.5ஐத் தொட்டாலே தஞ்சத்திலும் குடும்ப இணைவிலும் கை வைக்க வேண்டும், கடைசியில் ஐரோப்பாவோடுள்ள நடமாட்ட ஒப்பந்தத்தையும் முறிக்க வேண்டும் என்ற எஸ்.வி.பி.யின் முன்மொழிவுக்கான கையெழுத்துகள் அதே வருடம் ஏப்ரலில் ஒப்படைக்கப்பட்டன. வைத்தியர்களில் பத்தில் நான்கு பேர் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள். தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர் நாலு இலட்சமளவில். இவர்கள் இல்லாமல் யார் வேலை செய்வது என்ற கேள்விக்கு அந்த முன்மொழிவில் பதில் இல்லை. ஆனால் நெரிசலான இரயிலையும் வாடகையையும் பற்றிய எரிச்சல் கற்பனையும் இல்லை. சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த நம்மவர் சிலரே "இனிக் காணும், கதவைச் சாத்த வேண்டும்" என்று கோவில் அன்னதானத்தில் கதைப்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். நாங்கள் வந்த கதவைத்தான் சாத்தச் சொல்கிறீர்கள் என்றால், "நாங்கள் வேறு" என்பார்கள். இத்தாலியர்களும் எங்களைப் பார்த்து அதைத்தான் சொன்னார்கள்.

நம் ஆட்கள் நன்றாக இருக்கிறார்களா என்றால்: இளையவர்கள், ஆம், பெரும்பாலும். தாதிகள், வங்கி ஊழியர்கள், மின் பொறியாளர்கள், ஆசிரியர்கள் என்று பரவிவிட்டார்கள். பேர்ணில் 2014 முடிவில் திறந்த சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசல், தேவாலயத்தோடு ஒரே கூரையின் கீழ் சைவக் கோவிலும் இருக்கிறது. இலங்கையில் பிறந்த ஃபாரா ரூமி 2023இல் சொலத்தூர்ன் மாநிலத்திலிருந்து பாராளுமன்றம் போனார். என் கவலை அவர்களின் பெற்றோர். முப்பது வயதில் வந்து சமையலறையில் நின்றவருக்கு, 65இல் முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 44 வருடப் பங்களிப்பு இருக்காது. சம்பளமும் குறைவு, முழங்காலும் போய்விட்டது. ஊரில் போய் இருக்கலாம் என்று நினைத்தால் அடுத்த சிக்கல். சுவிஸ் குடியுரிமை இருந்தால் ஓய்வூதியம் யாழ்ப்பாணத்துக்கும் வரும். இலங்கைப் பாஸ்போர்ட்டும் 'சி' பெர்மிட்டும் மட்டும் இருந்தால் மாதாந்தப் பணம் சுவிஸில் குடியிருக்கும்வரைதான். ஒரேயடியாகப் போனால் கட்டிய பங்களிப்பைத் திருப்பிக் கேட்கலாம், அதோடு கணக்கு முடிந்தது. ஓய்வூதியம் போதாதவருக்குக் கொடுக்கும் மேலதிகக் கொடுப்பனவோ, யாராக இருந்தாலும் நாட்டை விட்டுப் போனால் நின்றுவிடும். ஆகவே உங்கள் உறவினர் யாராவது அறுபதை நெருங்கி, ஊருக்குப் போகும் யோசனையில் இருந்தால், வீட்டை விற்று டிக்கெட் போடும் முன், ஊராட்சியில் இருக்கும் ஓய்வூதியக் கிளை அலுவலகத்தில் தன் பங்களிப்பு வருடங்களின் பட்டியலை எழுத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலவசமாகவே தருவார்கள்.